முதலில் வீடியோ, அப்புறம் விண்ணப்பமா?

இன்றைக்கும் ஒன்று வந்து விழுந்தது. நாற்பது நொடி வீடியோ. மேடுபள்ளமான தரையில் ஏணியை வைத்ததும் ஒரு கால் இறங்குகிறது, மறு கால் ஏறுகிறது, ஏணி நேராக நிற்கிறது. படியில் மிதித்தால் இரண்டு காலும் அப்படியே பூட்டிக்கொள்கின்றன. அருமையான வேலை, கைதட்டலாம். அதற்குக் கீழே செய்தவர் எழுதியிருக்கும் வரியைப் படித்தால்தான் வயிறு எரிகிறது: "எட்டு மாசமா எல்லாருக்கும் காட்டிட்டேன், செம வரவேற்பு. இனிமே இந்த ஐடியாவுக்கு பேட்டன்ட் எடுக்கலாம்னு இருக்கேன். எப்படி எடுக்கறது?"

எட்டு மாதம்! எட்டு நாள்கூட இல்லை, எட்டு மாதம்!

அந்த வீடியோவை நொடி நொடியாக ஓட்டிப் பாருங்கள். 5வது நொடியில் ஏணி முழுசாகத் தெரிகிறது. சரி, வெளித்தோற்றம்தானே, உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். 12வது நொடியில் காலின் மூடியைக் கழற்றுகிறார். ஏன் கழற்றினீர்கள் ஐயா? யார் கேட்டார்கள்? 15வது நொடியில் இரண்டு காலையும் இணைக்கும் கம்பி கப்பியின் மேல் ஓடுவது பளிச்சென்று தெரிகிறது. 19வது நொடியில் கேமராவை இன்னும் கிட்டே கொண்டுபோய், பற்சட்டத்தில் கொக்கி விழுவதை ஸ்லோ மோஷனில் காட்டுகிறார். எடை ஏறியதும் ஸ்பிரிங் எந்தப் பக்கம் அமுங்குகிறது என்பதுவரை தெரிகிறது. 31வது நொடியில் பக்கத்தில் அளவுகோலை வேறு வைக்கிறார். அதுவும் போதவில்லை. "பல்லுக்கு எத்தனை டிகிரி சாய்வு?" என்று ஒருவர் கேட்க, "15 டிகிரி. அதுக்குக் கீழ போனா வழுக்கும்" என்று தானாகவே சொல்லிவிட்டார். தோற்றுத் தோற்றுத் தெரிந்துகொண்ட எண்ணாக இருக்கும் அது!

இதை வைத்து ஒரு தேர்ந்த மெக்கானிக் நாளைக்கே அந்த ஏணிக்காலைச் செய்துவிடுவார். பேட்டன்ட், அதாவது காப்புரிமை, பற்றிய சட்டம் பார்ப்பதும் அதைத்தான். விண்ணப்பித்த தேதிக்கு முன்னால், உலகின் எந்த மூலையிலும், எந்த மொழியிலும், எந்த வடிவத்திலும் அது வெளியே வந்திருக்கக் கூடாது. பத்துப் பேர் பார்த்தார்களா, பத்து லட்சம் பேர் பார்த்தார்களா என்ற கணக்கே கிடையாது. "என் வீடியோதானே, நான்தானே போட்டேன்" என்றால்? அதுவும் கணக்கில் வரும். உங்கள் கண்டுபிடிப்பின் புதுமையை நீங்களே கொன்றதாகத்தான் அர்த்தம்.

அமெரிக்காவில், தானே வெளியிட்ட பிறகும் விண்ணப்பிக்க 12 மாதச் சலுகை உண்டே என்பார்கள். உண்டு. ஜப்பானிலும் கொரியாவிலும்கூட 12 மாதம் உண்டு. ஆனால் ஜப்பானில் விண்ணப்பிக்கும்போதே அந்தச் சலுகை வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, 30 நாளுக்குள் சான்றும் கொடுக்க வேண்டும். ஐரோப்பாவிலோ கதவு கிட்டத்தட்ட மூடியே கிடக்கிறது. யாராவது உங்களை ஏமாற்றி வெளியிட்டிருந்தாலோ, அதிகாரபூர்வ அங்கீகாரம் பெற்ற சில சர்வதேசக் கண்காட்சிகளில் காட்டியிருந்தாலோ மட்டும் 6 மாதம். சொந்த வீடியோவுக்கு ஒரு நாள்கூடக் கிடையாது. எட்டு மாதம் காட்டியவருக்குச் சில நாடுகளில் நாலு மாதம் மிச்சம், பல நாடுகளில் ஒன்றுமே மிச்சமில்லை. வீடியோ போடுவதற்கு முந்தின நாள் விண்ணப்பத்தைக் கொடுத்திருந்தால் இந்தப் புலம்பலே இல்லை. ஒரே ஒரு நாள்!

அடுத்து அந்த "ஐடியா" என்ற சொல். ஐடியாவுக்குக் காப்புரிமை எந்த நாட்டிலும் கிடையாது. "ஏணி தானாகச் சமமாக நிற்க வேண்டும்" என்பது ஆசை. ஆசை யாருக்கும் வரலாம். கம்பி எப்படி ஓடுகிறது, கொக்கி எப்போது விழுகிறது, எடை ஏறினால் ஏன் பூட்டுகிறது என்பதுதான் கண்டுபிடிப்பு. அது புதியதாக இருக்க வேண்டும், அந்தத் துறை தெரிந்தவருக்குச் சட்டென்று தோன்றிவிடாததாக இருக்க வேண்டும், தொழிலில் பயன்பட வேண்டும். அதோடு, படித்தவர் செய்து பார்க்கும் அளவுக்கு முழுசாக எழுதிக் கொடுக்க வேண்டும். ரகசியத்தை ஊருக்குச் சொல்வதற்குப் பதிலாகத்தான் அரசு 20 வருட உரிமையைத் தருகிறது. பாதியை மறைத்து எழுதிவிட்டு உரிமை மட்டும் முழுசாகக் கேட்டால் யார் கொடுப்பார்கள்?

இன்னொரு கூட்டம் வரைபடத்தை உறையில் போட்டு ஒட்டி, தனக்குத்தானே பதிவுத் தபாலில் அனுப்பி, பிரிக்காமல் பீரோவில் வைத்திருக்கிறது. இந்த யோசனையை இன்னமும் யார் சொல்லித் தருகிறார்கள்? காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் விழுந்த தேதிதான் தேதி. அமெரிக்காவே 2013 மார்ச் 16இலிருந்து, யார் முதலில் விண்ணப்பித்தாரோ அவர் பக்கம் வந்துவிட்டது. அந்த உறையால் உரிமையும் வராது, புதுமையைக் கணக்கிடும் முன்னுரிமைத் தேதியும் வராது.

இதைவிடக் கொடுமை, பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டு நாசமாய்ப் போவது. தற்காலிக விண்ணப்பம் என்ற ஒன்று இருக்கிறது. கொடுத்த நாள் உங்கள் தேதியாகிவிடும், 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம் கொடுத்தால் போதும். நல்ல வசதி. அதை என்ன செய்கிறார்கள்? ஒரே ஒரு பக்கம். "மேடுபள்ளத்திலும் சமமாக நிற்கும் ஏணி. கால்கள் தானாக நீளும், சுருங்கும்." அவ்வளவுதான். கப்பி இல்லை, கொக்கி இல்லை, படம் இல்லை. கொடுத்துவிட்டு "பேட்டன்ட் பெண்டிங்" (விண்ணப்பம் நிலுவையில்) என்று ஸ்டிக்கர் ஒட்டி, மூன்றாவது மாதத்தில் மூடியைக் கழற்றி வீடியோ. பதினோராவது மாதத்தில் முழு விண்ணப்பத்தில் பூட்டும் அமைப்பைப் படம் வரைந்து விளக்குகிறார்கள். முதல் தாளில் எழுதாததற்கு முதல் தேதி கிடைக்காது. பூட்டுக்குப் பதினோராவது மாதத் தேதிதான். அதற்கு எட்டு மாதம் முன்பே வீடியோ வந்தாயிற்று. கட்டணமும் போச்சு, சலுகை இல்லாத நாடுகளில் பூட்டும் போச்சு. அந்த ஒரு பக்கத்தை யாரும் பரிசோதித்துத் திருப்பி அனுப்புவதும் இல்லை, அதனால் குறை இருப்பதே கடைசிவரை தெரியாது. தற்காலிகம் என்பது தேதிக்குத்தான், விவரத்துக்கு இல்லை. படம், அளவு, மாற்று வடிவங்கள், கம்பிக்குப் பதில் பட்டை போட்டால் என்ன, ஸ்பிரிங் இல்லாமல் செய்தால் எப்படி, எல்லாமே முதல் நாளே உள்ளே இருக்க வேண்டும்.

ஏற்கெனவே யாராவது செய்திருக்கிறார்களா என்று தேடவும் மாட்டார்கள். கடையில் இல்லை, அதனால் உலகத்திலேயே இல்லையாம். விற்பனைக்கே வராமல் ஆவணமாகத் தூங்கும் கண்டுபிடிப்புகள் கோடிக்கணக்கில் கிடக்கின்றன. எஸ்பாஸ்நெட், பேட்டன்ட்ஸ்கோப், கூகுள் பேட்டன்ட்ஸ் என்ற காப்புரிமைத் தேடல் தளங்கள் மூன்றும் இலவசம். "ஏணிக்கால்" என்று தட்டினால் சிக்காது, எழுதியவர் அதை "தாங்கு சாதனம்" என்று எழுதியிருப்பார். ஆவணங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் வகைப்பாட்டு எண்ணை வைத்துத் தேட வேண்டும். ஏணிகளுக்கு ஈ06சி (E06C). அதற்குள் கால்களுக்கான உட்பிரிவில் படம் படமாகப் புரட்டினால் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும், நம்முடையதில் எது உண்மையிலேயே புதுசு என்று.

அந்த "எது புதுசு" என்பதைத்தான் உரிமைக்கோரலில், அதாவது எதற்கு உரிமை கேட்கிறோம் என்று விண்ணப்பத்தில் வரையறுக்கும் பகுதியில், எழுத வேண்டும், அங்கேதான் அடுத்த கொலை. பெருமையாக எழுதிவிடுகிறார்கள்: "அலுமினியக் கால்கள் இரண்டு, அவற்றை இணைக்கும் 3 மில்லிமீட்டர் எஃகுக் கம்பி, 15 டிகிரி சாய்ந்த 24 பற்கள்." எதிரி இதில் உள்ள ஒவ்வொன்றையும் செய்தால்தான் மீறல். அவன் கம்பிக்குப் பதில் நைலான் பட்டை போடுவான், பல்லை 22 ஆக்குவான், சிரித்துக்கொண்டே போய்விடுவான். இரண்டும் சமம்தான் என்று நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் வாதாடலாம். எதற்கு அந்தப் பாடு? "ஒன்று இறங்கும்போது மற்றது ஏறும்படி இரண்டு கால்களை இணைக்கும் நெகிழுறுப்பு, எடை விழும்போது கால்களைப் பூட்டும் அமைப்பு" என்று முதல் கோரலை அகலமாக வையுங்கள். கம்பியும் 15 டிகிரியும் அதைச் சார்ந்த கோரல்களாகக் கீழே வரட்டும். காப்புரிமை அலுவலக ஆய்வாளர் பழைய ஆவணம் ஒன்றைக் காட்டி மேலே உள்ளதை உடைத்தால், கீழே உள்ளதில் போய் நிற்கலாம். கால் ஊன்ற இடமே வைக்காமல் எழுதினால் எப்படி?

"உலக பேட்டன்ட்" வாங்கித் தருகிறோம் என்று விளம்பரம் செய்பவர்களைப் பார்த்தால் ரத்தம் கொதிக்கிறது. அப்படி ஒன்று கிடையவே கிடையாது. 1970இல் கையெழுத்தாகி 1978இல் நடைமுறைக்கு வந்த பிசிடி என்ற காப்புரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கை, 150க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு ஒரே விண்ணப்பத்தில் தேதி பிடித்துத் தருகிறது, தேடல் அறிக்கையும் தருகிறது. உரிமை தருவதில்லை. முதல் தேதியிலிருந்து 30 அல்லது 31 மாதத்துக்குள் ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனியாகப் போய் மொழிபெயர்த்து, கட்டணம் கட்டி, தனித்தனி ஆய்வைத் தாண்ட வேண்டும். இன்னும் சிலர் வெறும் வடிவமைப்புப் பதிவை வாங்கிக் கொடுத்து, சான்றிதழை ஃபிரேம் போட்டு, "பேட்டன்ட் வந்தாச்சு" என்கிறார்கள். வடிவமைப்புப் பதிவு காப்பது தோற்றத்தை மட்டும். ஏணியின் வளைவை மாற்றிவிட்டு உள்ளே அதே பூட்டைப் போட்டால் அந்தச் சான்றிதழால் ஒன்றும் செய்ய முடியாது. ஏழைக் கண்டுபிடிப்பாளரின் சேமிப்பைத் தின்கிற வேலை இது.

வாயை மூடிக்கொண்டு தேடுங்கள். அச்சு வார்ப்பவரிடமோ முதலீட்டாளரிடமோ காட்டியே ஆகவேண்டும் என்றால், ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் முதலில் கையெழுத்து வாங்குங்கள். முழு விவரத்தோடு விண்ணப்பம் கொடுங்கள். 12 மாதக் கெடுவை நாட்காட்டியில் குறியுங்கள், அது தாண்டினால் பிற நாடுகளில் முதல் தேதியைக் காட்டி முன்னுரிமை கேட்பது மிகக் கடினம். அப்புறம் மூடியைக் கழற்றுங்கள், கேமராவைக் கிட்டே கொண்டுபோங்கள், அளவுகோல் வையுங்கள், டிகிரி சொல்லுங்கள். யார் தடுத்தது?

இத்தனைக்கும் நடுவில் இந்தச் செய்தித் தலைப்பு எழுதுகிறவர்கள் வேறு! பாட்டுக்கு வழக்கு என்றாலும் "காப்புரிமை", கதைத் திருட்டு என்றாலும் "காப்புரிமை". அது பதிப்புரிமை! எழுதிய நொடியிலேயே விண்ணப்பம் இல்லாமல் வந்துவிடுகிற உரிமை அது. அதைப் படித்துவிட்டுத்தான் ஏணிக்காரர், "செஞ்சாலே தானா உரிமை வந்துடும்னு பேப்பர்ல படிச்சேனே" என்கிறார். பதிப்புரிமை. ஆறே எழுத்து. அதை எழுதினால் பேப்பரில் இடமா இருக்காது?