150 குழாய், 150 பேர்

எங்கள் கொயருக்கு ஆர்கன் (குழாய்களில் காற்றடித்து ஒலிக்க வைக்கும் கட்டை வாத்தியம்) வாங்கித் தர ஒருவர் முன்வந்திருக்கிறார். முழுப் பணமும் அவருடையது. நிபந்தனை இரண்டு: பெட்டியின் முகப்பில் அவர் குடும்பப் பெயர் இருக்க வேண்டும், கச்சேரி இல்லாத நாட்களில் ஆர்கன் அவர்கள் வீட்டு ஹாலில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் பாதிப்பேர் கைதட்டி முடித்துவிட்டார்கள். எனக்குச் சம்மதமில்லை. காரணத்தை அங்கே நாலு வரியில் சொல்ல முடியவில்லை, இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் கேட்பது சர்ச் சுவரை அடைத்து நிற்கும் ஆர்கன் அல்ல. இடுப்புயர மரப்பெட்டி, டெம்போவில் ஏற்றிக் கொண்டுபோகலாம். உள்ளே காற்றடிக்க ஒரு சின்ன மோட்டார், மூன்று ஸ்டாப் (தனித்தனி நாதமுள்ள குழாய் வரிசை), ஒவ்வொரு வரிசையிலும் கட்டைக்கு ஒன்றாக மொத்தம் ஏறத்தாழ 150 குழாய்கள். கீழ் ஸ்வரத்துக்கு எட்டடிக் குழாய் வேண்டும். தலையை அடைத்துவிட்டால் நாலடியிலேயே அந்த ஸ்வரம் வரும், அதையும் மடக்கிப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். உச்ச ஸ்வரக் குழாயோ சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது.

பதினெட்டாம் நூற்றாண்டு இசையமைப்பாளர்களான பாஹ், ஹாண்டல் காலத்தில் பாடகர்களுக்குத் துணையாக வரும் ஆர்கன் வாசிப்பை முழுதாக எழுதித் தருவதில்லை. கீழ் வரியை மட்டும் எழுதி, 6, 7 என்று எண் போட்டிருப்பார்கள். இடது கை எழுதியதை வாசிக்கும். வலது கை எண்ணைப் பார்த்து அந்த நிமிடமே ஸ்வரங்களைக் கட்டும். பாடுகிறவர்கள் மூச்செடுத்தால் வாசிப்பவரும் நிற்பார், தடுமாறினால் தாங்குவார். பாடகரின் முகத்தைப் பார்த்தே வில்லை நகர்த்தும் நம் பக்கவாத்தியக்காரர்களைப் போலத்தான்.

போன டிசம்பரில் ஹாண்டலின் 'மெசையா'வை (இயேசுவைப் பற்றிய நீண்ட இசைப் படைப்பு) ஆர்கனுக்குப் பதில் கீபோர்டு வைத்துப் பாடினோம். ஸ்பீக்கர் சோப்ரானோ (உச்சக் குரல்) பக்கம். பாஸ் (கீழ்க் குரல்) வரிசைக் கடைசியில் நின்ற எனக்குப் பக்கத்து ஆளின் குரல்தான் கேட்டது. சத்தத்தைக் கூட்டினால் செல்லோ அமுங்கிப்போனது. மூன்று மாதம் பயிற்சி செய்த குழு அன்று சுருதியைத் தேடித் தேடிப் பாடியது. இன்னும் மனசு ஆறவில்லை. ஹார்மோனியம் போதாதா என்கிறார்கள். அதில் உலோக நாக்கு அதிர்கிறது, இதில் புல்லாங்குழல்போலக் காற்று விளிம்பில் மோதிப் பேசுகிறது. மூச்சில் பிறந்த குரலோடு அது சேர்கிற விதமே வேறு.

பெங்களூர் காக்ஸ் டவுனில் இருக்கும் என் அத்தை கேட்டார்: "ஏம்ப்பா, அந்தக் காசுல எத்தனை பிள்ளைங்களுக்கு ஃபீஸ் கட்டலாம்?" கேட்க வேண்டிய கேள்வி. கப்பல் கூலி, வரி எல்லாம் சேர்த்தால் பல லட்சம் ஆகும். நான் சொன்னது இதுதான்: 1742-ல் டப்ளினில் 'மெசையா' முதன்முதலாக மேடையேறியதே தர்மத்துக்காகத்தான். கடனுக்காகச் சிறையில் கிடந்தவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் வசூல் போனது. பிறகு லண்டனில் கைவிடப்பட்ட குழந்தைகளின் விடுதிக்கு ஹாண்டல் ஓர் ஆர்கனையே கொடுத்தார். 1750-ல் அங்கே 'மெசையா' நடத்தி நிதி திரட்டினார். நாமும் வருடத்துக்கு ஒரு கச்சேரியின் வசூல் முழுவதையும் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுப்போம் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். அத்தை யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

வெள்ளைக்காரன் சங்கீதம் நமக்கெதற்கு என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் கால் வைத்த 1706-ல் பாஹுக்கு 21 வயது, ஜெர்மனியின் ஆர்ன்ஸ்டாட் சர்ச்சில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்தார். பாஹ் தன் இசையில் எடுத்தாண்ட அந்த லுத்தரன் ஞானப்பாட்டு மரபு அவர் காலத்திலேயே தமிழ்ச் சொல்லோடு நம் கடற்கரையில் ஒலிக்கத் தொடங்கிவிட்டது. பெங்களூரில் அதைத் தேடிப் பாடும் தமிழர்கள் இரவல் வாங்கிப் பாடவில்லை.

இப்போது அந்த நிபந்தனைகள். பல வருடம் முன்பு நான் பாடிய வேறொரு குழுவுக்கு இப்படித்தான் ஒரு பியானோ வந்தது. அதன் சாவியோ, பியானோவைக் கொடுத்தவரின் வீட்டில். ஒவ்வொரு பயிற்சிக்கும் போன் செய்து காத்திருப்போம். கடைசியில் அது கல்யாண வரவேற்புகளில் பூ வைத்து அலங்கரிக்கத்தான் பயன்பட்டது. ஆர்கன் அதைவிடக் கவனம் கேட்கும். வெப்பம் பத்து டிகிரி ஏறினால், அரை ஸ்வர இடைவெளியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சுருதி ஏறிவிடும். மழைக்காலத்தில் மரம் ஊதும். அடைப்பை மெல்ல ஏற்றி இறக்கிச் சுருதி சேர்க்க நம்மில் இரண்டு பேராவது கற்றுக்கொண்டாக வேண்டும். அதற்கு அது நம் பயிற்சி அறையில், நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

எனவே சனிக்கிழமைக் கூட்டத்தில் நான் கேட்கப்போவது: குழாய்க்கு ஒருவர். மொத்தத் தொகையை 150-ஆல் வகுத்து, பன்னிரண்டு மாதத் தவணையில் கட்டலாம். ஒரு குழாயை நாலு பேர் சேர்ந்து எடுத்தாலும் சரி. முன்வந்தவரும் தாராளமாக ஒரு குழாய் எடுத்துக்கொள்ளட்டும், அவர் மனசை நான் மதிக்கிறேன். பெரிய குழாய்க்குக் கூடுதல் விலை வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அதையும் எதிர்க்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே விலை. நாலடிக் குழாய் யாருக்கு, சுண்டுவிரல் குழாய் யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்வோம்.