அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும்

எங்கள் ஊரில் கன்வென்ஷன், அதாவது சபையின் ஜெபக் கூட்டங்கள், முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. கடைசி நாள் ராத்திரி கண்ணீரோடு கை தூக்கி, "இனி தினமும் காலை 4 மணிக்கு எழுந்து ஜெபிப்பேன்" என்று பொருத்தனை பண்ணியவர்களில் நானும் ஒருத்தன். அலாரம் மூன்று நாள் அடித்தது. அப்புறம் நான்தான் அணைத்தேன்.

கூட்டங்களைக் குறை சொல்லவில்லை. அங்கே மனந்திரும்பியவர்கள் எங்கள் குடும்பத்திலேயே உண்டு. ஆனால் அதை நாம் குளுக்கோஸ் மாதிரி ஆக்கிவிட்டோம். மயங்கி விழுந்தால் ஏற்றிக்கொள்ளலாம். வருஷம் முழுக்க அதிலேயே ஓட்டினால் எப்படி? வீட்டுக் கஞ்சி என்று ஒன்று இருக்கிறதே!

அப்பா தவறிய வருஷம் எனக்கு ஜெபமே வரவில்லை. முழங்கால் போட்டால் மனசு வறண்டு கிடக்கும். ஒரு ஜெபக்குழுவில் இதைச் சொல்லித் தொலைத்தேன். "மறைத்து வைத்த பாவம் ஏதாவது இருக்கும். மூன்று நாள் உபவாசம் இரு தம்பி" என்றார்கள். அப்போது எனக்கு நைட் ஷிப்ட். பாதி நாள் சாப்பாடே கிடையாது, தூக்கமும் கிடையாது. அதோடு உபவாசமும் இருந்தேன். இரண்டாம் நாள் வாசற்படியிலேயே கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். அம்மா திட்டவில்லை. ரசச் சோற்றைப் பிசைந்து கொண்டுவந்து, "மொதல்ல இதத் தின்னுட்டுப் படுல. ஒனக்கும் சேத்து நான் ஜெபம் பண்ணிக்கிடுதேன்" என்றாள்.

பைபிளில் 1 இராஜாக்கள் 19-ஐ எடுத்துப் பாருங்கள். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, சாக வேண்டும் என்று கேட்கிறான். ஆண்டவர் அவனுடைய விசுவாசத்தைச் சோதித்துக்கொண்டு நிற்கவில்லை. தூங்கவிடுகிறார். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டுத் திரும்பவும் படுத்துக்கொள்கிறான். தூதன் இரண்டாந்தரமும் தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான்: "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்." ஓரேப் மலை, அங்கே ஆண்டவர் பேசிய அமர்ந்த மெல்லிய சத்தம் எல்லாம் அதற்குப் பிறகுதான். அந்த மெல்லிய சத்தத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டாயிற்று. அடையைப் பற்றி ஒன்றுகூட என் காதில் விழவில்லை.

பைபிள் வாசிப்பும் அப்படித்தான். மொத்தம் 1189 அதிகாரம். நாளுக்கு மூன்று என்று ஜனவரி 1-ல் வேகமாகத் தொடங்கி, பிப்ரவரியில் பலிகளும் சட்டங்களுமாக லேவியராகமம் வந்ததும் படுத்துவிடுவோம். அப்புறம் வாட்ஸ்அப்பில் வரும் ரோஜாப்பூ வசனம்தான் ஆகாரம்.

அப்பா இருந்தவரை எங்கள் வீட்டில் ராத்திரி 8 மணிக்குப் பாய் விரித்துவிடுவார். ஒரு அதிகாரம், ஆளுக்கொரு வசனம். எதையும் தாண்டக் கூடாது. ஜெபமும் அதே ஜெபம்தான், வரிசைகூட மாறாது. எங்களுக்குக் கொட்டாவியாக வரும். அதில் எனக்குள் என்ன இறங்கியது என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்பேன். அம்மா சோறு கொடுத்துப் படுக்கவைத்த அந்த ராத்திரி, சொந்தமாக ஒரு வார்த்தையும் வராதபோது, வாயில் வந்தது அப்பாவின் அந்தப் பழைய ஜெபம்தான்.

இப்போது நான் பாய் விரிக்கிறேன். நாலு மணிப் பொருத்தனையை ஆண்டவர் மன்னிக்கட்டும். இந்த வாரம் எண்ணாகமம் 7. இஸ்ரவேல் கோத்திரங்களின் பன்னிரண்டு பிரபுக்கள், பன்னிரண்டு நாள், ஒரே காணிக்கை: அதே 130 சேக்கல் எடை வெள்ளித்தாலம், அதே தூபகரண்டி. 89 வசனம் என்பதால் இரண்டு ராத்திரியாகப் பிரித்தோம். நேற்று ஏழாவது ஆள் வந்ததும் மகன், "அதேதானப்பா மறுபடியும் கொண்டு வர்றாங்க?" என்றான்.

ஆமாடா. இன்னும் ஐந்து பேர் பாக்கி.