சிலுவையில் வந்து நின்றுவிடும் பேச்சு

கிறிஸ்துமஸ் வந்தால் வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றும். ஒரு பக்கம் குர்ஆன் வசனம், மறுபக்கம் பைபிள் வசனம், நடுவில் குலுக்கிக்கொள்ளும் இரண்டு கைகள். "இயேசுவும் ஈசா நபியும் ஒருவரே, அப்புறம் என்ன வேறுபாடு?" என்று கீழே எழுதியிருக்கும். அனுப்புகிறவர் நல்ல மனதோடுதான் அனுப்புகிறார். பெரும்பாலும் அவர் கிறிஸ்தவராகவும் இருக்கமாட்டார், முஸ்லிமாகவும் இருக்கமாட்டார்.

நான் கத்தோலிக்கன். ஞாயிறு பூசைக்குப் போகிறவன், திருச்சபையின் நம்பிக்கை அறிக்கையான விசுவாசப் பிரமாணத்தை வாய் திறந்து சொல்கிறவன். இந்த இரண்டு மதங்களின் நம்பிக்கைகளையும் ஒன்றாக்க முடியாது என்பதுதான் என் கருத்து. முடியும் என்று சொல்கிறவர்கள் இரண்டில் ஒன்றையாவது சரியாகப் படிக்கவில்லை என்றுகூடச் சொல்வேன். இதைச் சொன்னால் மதவெறி என்று நினைக்கிறவர்கள் உண்டு. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஒற்றுமைகள் நிஜமானவை, அதில் சந்தேகமே இல்லை. குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் மர்யம்தான். அதன் 19ஆம் சூராவுக்கே (அத்தியாயத்துக்கே) அவர் பெயர். புதிய ஏற்பாட்டில் மரியாவின் பெயர் வருவதைவிடக் குர்ஆனில் அதிகமாக வருகிறது. ஈசா கன்னியிடம் பிறந்தார், நோயாளிகளைக் குணமாக்கினார், இறந்தவரை எழுப்பினார், அவர் மஸீஹ், அதாவது மெசியா; எல்லாவற்றையும் முஸ்லிம்கள் நம்புகிறார்கள். அவர் மறுபடியும் வருவார் என்பது வரை நம்புகிறார்கள். இவ்வளவு நெருக்கம் இருப்பதால்தான் சிக்கலே. ஓர் இந்து வீட்டுப் பூஜை அறையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வேளாங்கண்ணி மாதா படத்தையும் மாட்டிவிடலாம். அந்த வீட்டில் இயேசுவைப் பற்றி முன்பே எழுதிவைத்த வேறொரு கதை இல்லை. முஸ்லிமுக்கு இருக்கிறது. ஒரே ஆளைப் பற்றி இரண்டு குடும்பங்களும் "எங்களுக்குத்தான் அவரைச் சரியாகத் தெரியும்" என்று சொல்கின்றன. இது அந்நியர் தகராறு இல்லை, பங்காளித் தகராறு.

கி.பி. 325இல் நிசேயாவில் ஆயர்கள் கூடி எடுத்த முடிவு, மகன் தந்தையிடமிருந்து பிறந்தவர், படைக்கப்பட்டவர் அல்ல என்பது. அதை இன்றும் பூசையில் சொல்கிறோம். குர்ஆனின் 112ஆம் சூரா நான்கே வசனம். இறைவன் ஒருவனே, அவன் யாரையும் பெறவில்லை, யாராலும் பெறப்படவும் இல்லை என்கிறது. முஸ்லிம் குழந்தைகள் முதலில் மனப்பாடம் செய்யும் சூராக்களில் இது ஒன்று. ஐவேளைத் தொழுகையில் அடிக்கடி ஓதப்படுவது. நாங்கள் எதை அறிக்கையிடுகிறோமோ அதையே அவர்கள் மறுத்து ஓதுகிறார்கள். இதில் எந்தப் பக்கமும் வாய் தவறிப் பேசவில்லை. எருசலேமில் கலீஃபா அப்துல் மலிக் கட்டிய பாறைக் குவிமாடம் 691–92இல் முடிந்தது. அதன் உள்ளே வளைவு வரிசையின் மேல், வேதக்காரர்களை (யூதர்களையும் கிறிஸ்தவர்களையும்) விளித்து, மூன்று என்று சொல்லாதீர்கள் என்ற வசனத்தை எழுதிவைத்தார்கள். இயேசுவின் கல்லறை மேல் எழுப்பிய ஆலயத்துக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம். படிக்க வேண்டியவர்கள் யார் என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள். அதே எழுத்தில் ஈசாவுக்கு சலாமும் இருக்கிறது.

தந்தை, மகன், தூய ஆவி மூவரும் ஒரே கடவுள் என்கிற மூவொரு கடவுள் பிரச்சினையையாவது தத்துவ வார்த்தைகளைக் கொண்டு கொஞ்சம் நெருக்கிவிடலாம். சிலுவை அப்படி இல்லை. யூதர்கள் ஈசாவைக் கொல்லவும் இல்லை, சிலுவையில் அறையவும் இல்லை, அவர்களுக்கு அப்படித் தோற்றமளிக்கப்பட்டது, இறைவன் அவரைத் தன்னிடம் உயர்த்திக்கொண்டான் என்று 4ஆம் சூராவின் 157, 158ஆம் வசனங்கள் சொல்கின்றன. வேறொருவர் அவர் உருவத்தில் அறையப்பட்டார் என்று பெரும்பாலான விரிவுரையாளர்கள் விளக்கினார்கள். குர்ஆனுக்குப் பெரிய விரிவுரை எழுதிய ஃபக்ருத்தீன் ராஸி அந்த விளக்கத்தில் வரும் சிக்கல்களைத் தானே எடுத்துவைத்தார். ஒருவர் சாயலை இன்னொருவர் மேல் போட்டுவிடலாம் என்றால் கண்ணால் பார்ப்பதை எப்படி நம்புவது என்று கேட்டு, அவற்றுக்குப் பதிலும் தேடினார். அவருடைய நேர்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் எந்த விளக்கத்தை எடுத்தாலும் கிறிஸ்தவனுக்கு இடம் கிடைக்காது. கிறிஸ்து உயிர்த்தெழவில்லை என்றால் உங்கள் நம்பிக்கை வீண் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிவிட்டார். இறக்காதவர் எப்படி உயிர்த்தெழுவார்?

இது வெறும் வரலாற்றுத் தகராறு மட்டும் என்றால் ஆதாரம் பார்த்து முடித்துவிடலாம். இதற்கு அடியில் வேறொன்று இருக்கிறது. ஆதாம் தவறு செய்தார், இறைவனிடமிருந்து சில சொற்களைப் பெற்றார், இறைவன் மன்னித்தான். குர்ஆனில் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆதாமின் பாவம் பிள்ளைகளுக்கு வருவதில்லை. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமப்பதும் இல்லை. மனிதன் மறக்கிறவன், அவனுக்கு நினைவூட்டலும் வழிகாட்டலும் வேண்டும், அதற்கு நபிமார்கள் வந்தார்கள். கிறிஸ்தவம் மனிதனைப் பார்க்கும் விதமே வேறு. அவன் தன்னால் எழ முடியாதபடி விழுந்தவன், கடவுளே இறங்கி வந்தாக வேண்டும். ஆக, சிலுவை நடந்ததா இல்லையா என்பதற்கு முன்பே, அது தேவையா என்ற கேள்வியிலேயே இரண்டு பேரும் பிரிந்துவிடுகிறார்கள்.

முஸ்லிம்கள் சிலுவையை மறுப்பதை அவமதிப்பு என்று நினைக்கிற கிறிஸ்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் தூதரைப் பகைவர் கையில் நிர்வாணமாகத் தொங்கவிடும் இறைவனை அவர்களால் ஏற்க முடியவில்லை. ஈசாவின் மேலும் இறைவனின் மேலும் உள்ள மரியாதையால்தான் மறுக்கிறார்கள். நாங்கள் அதே மரியாதையால்தான் அந்தச் சிலுவையைக் கோயில் நடுவில் வைத்திருக்கிறோம். கடவுளின் பெருமை எதில் இருக்கிறது என்பதில் இருக்கும் இந்தப் பிளவை எந்த மாநாடும் தீர்மானம் போட்டு மூடிவிட முடியாது.

அப்புறம், சிலுவையில் இறந்தது இயேசு இல்லை என்பதற்கு ஆதாரமாகச் சிலர் அனுப்பும் அந்த பர்னபாஸ் சுவிசேஷம். தயவுசெய்து அதை இனி அனுப்பாதீர்கள். கிடைத்திருப்பது இத்தாலியப் பிரதி ஒன்றும் ஸ்பானியப் பிரதி ஒன்றும், இரண்டும் மிகப் பிற்காலத்தவை. முதல் நூற்றாண்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. குர்ஆன் ஈசாவை மஸீஹ் என்று சொல்ல, அது இயேசு மெசியாவே இல்லை என்கிறது. முஸ்லிமுக்கும் அது உதவாது.

சரி, பேசவே வேண்டாமா? என் பதிலை 8ஆம் நூற்றாண்டின் பாக்தாதிலிருந்து எடுக்கிறேன். கீழைத் திருச்சபையின் தலைவராக இருந்த முதலாம் திமொத்தேயுவை அப்பாசியக் கலீஃபா அல்-மஹ்தி கூப்பிட்டு, சுமார் 781இல், இரண்டு நாள் கேள்வி கேட்டார். கடவுளுக்கு மகன் எப்படி இருக்க முடியும், மூன்று எப்படி ஒன்று, எங்கள் நபியைப் பற்றி உங்கள் வேதத்தில் ஏன் இல்லை என்று சுற்றி வளைக்காமல் கேட்டார். திமொத்தேயு பின்னால் சிரியாக் மொழியில் ஒரு கடிதமாக இதை எழுதிவைத்தார். எழுதியவர் அவர்தான் என்பதால் அவருக்குக் கொஞ்சம் சாதகமாகவே இருக்கும். கேள்வி கேட்பவர் அரசர், பதில் சொல்பவர் குடிமகன் என்பதையும் மறக்கக்கூடாது. ஆனாலும் கலீஃபாவின் கேள்விகள் அதில் சுளீரென்றுதான் இருக்கின்றன.

முஹம்மதைப் பற்றி நீ என்ன சொல்கிறாய் என்று கலீஃபா கேட்கிறார். பொய் நபி என்றால் தலை போகும், நபி என்றால் நம்பிக்கை போகும். திமொத்தேயு சொன்ன பதில், அவர் இறைவாக்கினர்களின் பாதையில் நடந்தார் என்பது. ஒரே கடவுளைக் கற்பித்தார், தம் மக்களைச் சிலை வழிபாட்டிலிருந்து விலக்கினார், அதனால் புகழுக்குரியவர் என்றார். அப்படியானால் அவர் சொன்னதை நீ ஏற்க வேண்டுமே என்று கலீஃபா மடக்குகிறார். எதை என்கிறார் திமொத்தேயு. கடவுள் ஒருவனே என்பதை. அதைத் தோராவிலிருந்தும் நற்செய்தியிலிருந்தும் ஏற்கெனவே கற்றுக்கொண்டேனே என்று நழுவிவிடுகிறார். கெட்டிக்காரர்! கடைசியில் ஒரு கதை சொல்கிறார். இருட்டு வீட்டில் ஒரு முத்து விழுந்துவிட்டது. எல்லோரும் தேடுகிறார்கள். ஒருவர் கையில் முத்து, மற்றவர்கள் கையில் கண்ணாடித் துண்டோ கல்லோ. விடியும்வரை எல்லோரும் தன் கையில் இருப்பதுதான் முத்து என்று நம்புகிறார்கள். இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, "ஆகவே எல்லாம் ஒன்றுதான்" என்று அவர் முடிக்கவில்லை. முத்து தன் கையில்தான் இருக்கிறது என்று நம்புவதாகவும், அதற்கு அடையாளங்கள் இப்போதே உண்டு என்றும் சொல்கிறார். கலீஃபா மதம் மாறவில்லை, திமொத்தேயுவும் மாறவில்லை. இதே கலீஃபாதான் அரிஸ்டாட்டிலின் 'டாபிக்ஸ்' நூலை அரபிக்குக் கொண்டுவரும் வேலையை இவரிடம் கொடுத்தார். முறையாக வாதம் செய்வது எப்படி என்று சொல்லும் நூல் அது.

திமொத்தேயுவின் இந்த இடத்தைத் திருச்சபை இன்னும் தாண்டவில்லை என்பது என் குறை. என் முஸ்லிம் நண்பன் ஒருமுறை கேட்டான்: "நாங்க உங்க இயேசுவை நபின்னு சொல்றோம். அலைஹிஸ்ஸலாம் (அவர் மீது சாந்தி உண்டாகட்டும்) சேர்க்காம பேரைக்கூட எடுக்க மாட்டோம். எங்க நபியை நீங்க என்னன்னு சொல்வீங்க?" என்னிடம் நல்ல பதில் இல்லை. 1965 அக்டோபர் 28இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட நோஸ்த்ரா எத்தாத்தே என்ற அறிக்கை, முஸ்லிம்களைத் திருச்சபை மதிப்போடு பார்க்கிறது என்றது. அவர்களுடைய தொழுகை, தர்மம், நோன்பு, மரியா மீதுள்ள பக்தி எல்லாவற்றையும் பாராட்டியது. முஹம்மது என்ற பெயர் மட்டும் அதில் இல்லை, குர்ஆனும் இல்லை. காரணம் புரிகிறது, நபி என்று ஒத்துக்கொண்டால் அவர் கொண்டுவந்ததையும் ஒத்துக்கொள்ள வேண்டும். ஆனால் மௌனம் ஒரு பதில் ஆகாது என்று அவன் சொன்னால் அதிலும் நியாயம் இருக்கிறது.

2006 செப்டம்பரில் ரேகன்ஸ்பர்க்கில் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் ஒரு பைசாந்திய அரசரின் கடுமையான வரியை மேற்கோள் காட்டப் போய்ப் பல நாடுகளில் கொந்தளிப்பு வந்தது. அடுத்த ஆண்டு 138 முஸ்லிம் அறிஞர்கள் கையெழுத்திட்டு, கடவுளை நேசி, அயலானை நேசி என்ற இரண்டும் நமக்குப் பொது என்று கிறிஸ்தவத் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். கோபப்படுவதற்குப் பதிலாக ஒரு கடிதம். இதைவிடப் பெருந்தன்மை வேண்டுமா? 2019இல் அபுதாபியில் திருத்தந்தை பிரான்சிஸும் எகிப்தின் அல்-அஸ்ஹர் கல்வி நிலையத்தின் பெரிய இமாம் அஹ்மத் அல்-தய்யிபும் சகோதரத்துவ ஆவணத்தில் கையெழுத்திட்டார்கள். மதங்கள் பலவாக இருப்பது இறைவனின் ஞானத்தால் விரும்பப்பட்டது என்று அதில் ஒரு வரி. கத்தோலிக்கர்களிடையே அது பெரிய சலசலப்பைக் கிளப்பியது. எனக்கும் அந்த வரி உடன்பாடில்லை. மற்ற பக்கங்களை எங்கே வேண்டுமானாலும் வாசித்துக் காட்டுவேன். அந்த ஆவணத்தின் நினைவாக அங்கே ஒரு வளாகம் கட்டி 2023இல் திறந்தார்கள். பள்ளிவாசல், தேவாலயம், யூத ஜெபக்கூடம், மூன்றும் ஒரே அளவு. எல்லா மதத்தையும் கலக்குகிறார்கள் என்று இங்கே சிலர் வீடியோ போட்டார்கள். கட்டடம் மூன்று, வழிபாடும் தனித்தனி. இதில் கலப்பு எங்கே?

நம்பிக்கை ஒன்றானால்தான் அமைதி வரும் என்ற எண்ணமே தப்பு என்று நினைக்கிறேன். கபிரியேல் தூதர் மரியாவுக்குச் செய்தி சொன்னதை நினைவுகூரும் மார்ச் 25ஆம் தேதி, லெபனானில் 2010 முதல் இரு சமயத்தாருக்கும் பொதுவான தேசிய விடுமுறை. நல்ல ஏற்பாடு. அந்த நாட்டில்தான் 1975 முதல் 1990 வரை உள்நாட்டுப் போரும் நடந்தது. போரின் கடைசியில் கிழக்கு பெய்ரூட்டை நாசமாக்கியது ராணுவத் தளபதி மிஷேல் அவுன் பக்கமும் ஆயுதக் குழுத் தலைவர் சமீர் ஜாஜா பக்கமும் நடத்திய சண்டை. இரண்டு பேருமே மரோனியக் கத்தோலிக்கர்கள், ஒரே விசுவாசப் பிரமாணம். இலங்கையில் 2019 ஈஸ்டர் ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் ஆலயங்களில் குண்டு வைத்தவர்களின் தலைவன் சஹ்ரான் ஹாஷிம், 2017இலேயே காத்தான்குடியில் சூஃபி வழி முஸ்லிம்களோடு மோதியவன். கிறிஸ்தவர்களிடம் வருவதற்கு முன்பே சொந்த மதத்தாரிடம் கையை ஓங்கியாகிவிட்டது. மூவொரு கடவுள் கோட்பாட்டைத் திருத்தி எழுதியிருந்தால் அவன் நின்றிருப்பானா?

எல்லாம் ஒன்றுதான் என்பவர்களுக்கு எதிர்ப்பக்கம், விவாத மேடைக்காரர்கள். தென்னாப்பிரிக்காவின் இஸ்லாமியப் பிரசாரகர் அஹ்மத் தீதாத் தொடங்கிவைத்த பாணி இங்கேயும் நன்றாகவே வேர்விட்டிருக்கிறது. நம் போதகர்களும் சளைத்தவர்கள் இல்லை. அத்தியாயம், வசன எண், கைதட்டல், "பதில் சொல்ல முடியாமல் திணறிய..." என்ற தலைப்பு. இதில் எந்தப் பக்கத்தைப் பார்த்தாலும் அடுத்தவருடைய வேதத்தை ஓட்டை தேடுவதற்கு மட்டுமே திறந்திருக்கிறார்கள். 19ஆம் சூராவில் மர்யம் பிரசவ வலியோடு பேரீச்ச மரத்தடியில் "இதற்கு முன்பே நான் இறந்திருக்கக் கூடாதா" என்று கதறும் இடத்தை ஒரு கிறிஸ்தவன் ஒருமுறையாவது சும்மா படித்துப் பார்க்கலாம். லூக்கா இந்த வலியைச் சொல்லவில்லை. அதேபோல் மலைப்பொழிவை ஒரு முஸ்லிம் மறுப்புக் குறிப்பு எடுக்காமல் படிக்கலாம்.

நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் நடுவே பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். இரண்டு இடத்துக்கும் எல்லா மதத்தவரும் போகிறார்கள், நேர்ந்துகொள்கிறார்கள். இதை ஒற்றுமைக்கு ஆதாரமாக எல்லோரும் காட்டுவார்கள். அது அழகான பழக்கம்தான், ஆனால் அங்கே யாரும் யாரிடமும் நம்பிக்கையைக் கேட்பதில்லை. தர்காவுக்குப் போவதே ஷிர்க் (இறைவனுக்கு இணைவைப்பது) என்று சொல்லும் முஸ்லிம்களும் உண்டு, மாதாவுக்குத் தேர் இழுப்பது விக்கிரக ஆராதனை என்று சொல்லும் பெந்தெகொஸ்தேக்காரர்களும் உண்டு. பஸ் ஒற்றுமையை வைத்துக் கோட்பாட்டைத் தீர்த்துவிட முடியாது. கோட்பாட்டுச் சண்டையைக் காட்டி அந்த பஸ்ஸை நிறுத்தவும் யாருக்கும் உரிமை இல்லை.

இதைப் படிக்கும் முஸ்லிம் நண்பர்களிடம் ஒரு கேள்வி. சிலுவை மறுப்பு வசனத்துக்கு ராஸிக்குப் பிறகு வந்த விரிவுரைகளில் நீங்கள் ஏற்றுக்கொள்வது எது, ஏன்? தமிழில் நல்ல விரிவுரை இருந்தால் பெயர் சொல்லுங்கள், வாங்கிப் படிக்கிறேன். விவாத வீடியோ லிங்க் போடுகிறவர்கள், அது எந்தப் பக்கத்து வீடியோவாக இருந்தாலும் எடுத்துவிடுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.