பெருக்கித் துடைக்கிற வேலையா?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மேடையில் ஒருவர் சொன்னதைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் மூன்று நாளாக அந்த நாற்பது விநாடி வீடியோவை ஆளாளுக்கு இன்பாக்ஸில் அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். "அண்ணே, உங்களைத்தான் சொல்றாரா?" என்று கேள்வி வேறு. ஆமாம், என்னையும் சேர்த்துத்தான் சொன்னார். லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் மையப் பகுதி கெர்னல். அதற்குள் ஒவ்வொரு சாதனத்தோடும் பேசுகிற புரோகிராம் டிரைவர், அதைத் தொடர்ந்து பார்த்துக்கொள்கிறவர் மெயின்டெய்னர். அந்த ஹாலில் டிரைவர் மெயின்டெய்னர் என்று உட்கார்ந்திருந்தது நானும் இன்னொருவரும் மட்டும்தான்.

சொன்னவர் பெயர் வேண்டாம். பெங்களூரில் கம்ப்யூட்டர் துறையில் இருக்கும் நம் தமிழ் ஆட்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். எனக்குப் பன்னிரண்டு வருடப் பழக்கம். திறமைசாலி, அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஒரு கல்லூரிப் பையன் எழுந்து, "சார், கெர்னல்ல பழைய டிரைவர்களைச் சரி பண்றதுல இருந்து ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டான். அதற்கு அவர், "அது பெருக்கித் துடைக்கிற வேலை தம்பி. புதுசா எழுதத் தெரியாதவங்க செய்யறது. நீ ஏன் அதுல போய் விழற?" என்றார். ஹாலே சிரித்தது. பையன் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

அந்தப் பையன் அப்படி உட்கார்ந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒரு டிரைவரைப் பார்த்துக்கொள்வது அதை எழுதுவதற்குச் சமமான வேலை. பல சமயம் எழுதுவதைவிடக் கஷ்டம். இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். லினக்ஸ் கெர்னல் இன்று சுமார் 4 கோடி வரி. அதில் பாதிக்கும் மேல் டிரைவர்கள்தான். ஒன்பது, பத்து வாரத்துக்கு ஒரு புதிய வெளியீடு வருகிறது. ஒவ்வொரு முறையும் அந்தப் பழைய டிரைவர்களும் கூடவே கம்பைல் ஆகி, அதாவது எழுதிய வரிகள் கம்ப்யூட்டர் ஓட்டுகிற வடிவத்துக்கு மாறி, கூடவே ஓட வேண்டும். எழுதியவர் வேலை மாறியிருப்பார். சிப் செய்த கம்பெனியை வேறு யாராவது வாங்கியிருப்பார்கள். சிப் மட்டும் எங்கேயோ ஒரு கடையில், ஒரு ஆஸ்பத்திரியில், ஒரு பள்ளிக்கூட லேபில் ஓடிக்கொண்டிருக்கும்.

"ஓடுகிற கோட் தானாகக் கெட்டுப்போகுமா?" என்று ஒருவர் கமென்ட்டில் கேட்டிருந்தார். கெட்டுப்போகும். கெர்னல் தன்மேல் ஓடுகிற புரோகிராம்களுக்குக் கொடுத்த வாக்கை மாற்றாது. ஆனால் கெர்னலுக்கு உள்ளே, டிரைவர்கள் கூப்பிடுகிற ஃபங்ஷன்களுக்கு (ஆளுக்கொரு வேலை செய்கிற கோட் துண்டுகளுக்கு) அப்படி எந்த உறுதியும் கிடையாது. குறித்த நேரத்தில் ஒரு வேலையைத் தொடங்கிவைக்கிற டைமரையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பெல்லாம் டைமருக்கான ஸ்ட்ரக்சரில், அதாவது மெமரியில் அதன் விவரங்கள் இருக்கிற இடத்தில், நேரம் வந்ததும் எந்த ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும் என்பதும், அதற்கு எந்த மதிப்பைக் கொடுக்க வேண்டும் என்பதும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பக்கத்து மெமரி வழிந்து இதன்மேல் எழுதிவிட்டால், உள்ளே நுழையப் பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே அடியில் கையில் கிடைத்துவிடும். அதை அடைப்பதற்காக 2017-இல் டைமர் அமைக்கிற முறையையே மாற்றினார்கள். அதைத் தொட்டுக்கொண்டிருந்த டிரைவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அத்தனையையும் மாற்றியாக வேண்டும். ஒன்றை விட்டால்கூடப் பழைய முறையை எடுக்க முடியாது. உங்கள் லேப்டாப் கொஞ்சம் கூடுதல் பாதுகாப்போடு இருப்பதற்கு, யாரோ உட்கார்ந்து பெயர் தெரியாத டிரைவர்களை வரிசையாகத் திறந்து மாற்றிய வேலையும் ஒரு காரணம். அதுதான் அவர் சொன்ன பெருக்கித் துடைக்கிற வேலை.

சரி, என் கதைக்கு வருகிறேன். பெங்களூர் ஹலசூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அண்ணாச்சி மளிகைக் கடை வைத்திருக்கிறார். தூத்துக்குடிப் பக்கம். அவருடைய பில்லிங் கம்ப்யூட்டரில் நான்தான் லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். எலெக்ட்ரானிக் தராசு ஒரு யுஎஸ்பி சீரியல் கேபிள் வழியாக அதோடு பேசும். அந்த கேபிளுக்குள் இருக்கிற சின்ன சிப்புக்குத்தான் நான் மெயின்டெய்னர். ஆயிரம் வரிகூட இல்லாத டிரைவர். எழுதியவர் விட்டுவிட்டுப் போய்விட்டார், நான் எடுத்துக்கொண்டேன்.

போன வருடம் ஒரு நாள் அண்ணாச்சி போன் செய்தார். "தம்பி, கம்ப்யூட்டர் மறுபடியும் அப்படியே நின்னு போச்சு. கடையில கூட்டம் நிக்குது." மறுபடியும் என்றதும்தான் எனக்கு உறைத்தது. அதற்கு முன் நாலைந்து முறை நின்றிருக்கிறது. தொந்தரவு செய்யக் கூடாது என்று சொல்லாமலே இருந்திருக்கிறார். நான் போய்ப் பார்க்கும்போது ஒன்றுமே இல்லை, எல்லாம் நன்றாக ஓடுகிறது. இரண்டு சனிக்கிழமை முழுக்கக் கடையில் ஒரு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டாவது சனிக்கிழமை சாயங்காலம் கடைப் பையன் துவரம்பருப்பு மூட்டையை இழுத்தபோது கேபிள் ஒரு ஆட்டம் ஆடியது. இணைப்பு ஒரு கணம் விட்டுப்போய்த் திரும்ப வந்தது. கம்ப்யூட்டர் உறைந்துவிட்டது.

எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற எஸ்.பி. ரோட்டில் அதே சிப் உள்ள கேபிள் ஐந்து வாங்கினேன். வீட்டில் உட்கார்ந்து பிடுங்கினேன், சொருகினேன், பிடுங்கினேன். முந்நூறு முறைக்கு மேல் இருக்கும். விடுவித்துவிட்ட மெமரியை யாராவது தொட்டால் காட்டிக்கொடுக்கிற காசன் என்ற வசதியைப் போட்டுக் கெர்னலைக் கட்டி ஓட்டினேன். அப்போதுதான் பிடிபட்டது. கேபிளைப் பிடுங்கும்போது டிரைவர் இரண்டு காரியம் செய்ய வேண்டும். தராசிலிருந்து டேட்டாவைக் கேட்டுப் போட்டிருக்கிற கோரிக்கைகளை நிறுத்த வேண்டும். அந்த டேட்டாவை எடுத்துப் பின்னால் வேலை செய்கிற வொர்க்கை, அதாவது வரிசையில் காத்திருக்கிற பின்னணி வேலையை, ரத்து செய்ய வேண்டும். இந்த டிரைவர் முதலில் வொர்க்கை ரத்து செய்துவிட்டு, அதற்குப் பிறகு கோரிக்கைகளை நிறுத்தியது. நடுவில் மைக்ரோசெகண்ட் கணக்கில் ஒரு சந்து. அந்தச் சந்தில் கடைசியாக ஒரு எடை வந்து இறங்கினால், ரத்தான வொர்க் மறுபடியும் வரிசையில் ஏறிவிடும். அது ஓட ஆரம்பிக்கும்போது அதன் மெமரி விடுவிக்கப்பட்டிருக்கும். தராசு விநாடிக்குப் பல முறை எடையை அனுப்பிக்கொண்டே இருப்பதால்தான் அண்ணாச்சி கடையில் மாட்டியது. மற்ற இடங்களில் வருடக்கணக்காக யாருக்கும் தெரியவில்லை.

பேட்ச், அதாவது கோடில் செய்து அனுப்புகிற திருத்தம், என்ன தெரியுமா? இரண்டு வரியை இடம் மாற்றியது. மேலே இருந்ததைக் கீழே போட்டேன், கீழே இருந்ததை மேலே போட்டேன். அதோடு ஏன் என்று பதினைந்து வரி விளக்கம். அனுப்பியதும் ரிவ்யூ செய்தவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: கம்ப்யூட்டர் தூங்கப் போகும்போதும் இதே வரிசைதானே இருக்கிறது, அதைப் பார்த்தாயா? நான் பார்த்திருக்கவில்லை. இன்னொரு வாரம். இரண்டாவது முறை அனுப்பியதை எடுத்துக்கொண்டார்கள், பழைய கெர்னல்களுக்கும் போனது. அண்ணாச்சி கடை அதற்குப் பிறகு இதனால் ஒரு முறைகூட நின்றதில்லை.

இரண்டு வரிக்கு ஒன்றரை மாதம். புதிதாக எழுதத் தெரியாததால் நான் செய்த வேலை இது.

"பழைய சாமான்தானே, புதுசு வாங்கிக்கச் சொல்ல வேண்டியதுதானே" என்கிறார்கள். அண்ணாச்சியிடம் போய் நீங்களே சொல்லுங்கள். நான் சொல்ல மாட்டேன். நன்றாக இருக்கிற தராசை, எங்கள் கோடில் இரண்டு வரி முன்பின் இருந்ததற்காக அவர் ஏன் தூக்கிப்போட வேண்டும்?

"சிப் விற்ற கம்பெனி செய்ய வேண்டிய வேலையை நீ ஏன் சும்மா செய்கிறாய்?" இதில் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். கெர்னலுக்கு வருகிற மாற்றங்களில் பெரும்பகுதி கம்பெனிச் சம்பளத்தில் இருப்பவர்கள் அனுப்புவதுதான். ஆனால் அந்தச் சம்பளம் பெரும்பாலும் அடுத்து விற்கப்போகிற சிப்புக்குத்தான் வரும், எப்போதோ விற்றுக் காசு பார்த்ததற்கு வராது. நான் முன்பு இருந்த ஆபீசில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் இதற்குக் கேட்டேன். "இது நம்ம ப்ராடக்ட்ல இருக்கா?" என்று கேட்டார்கள். அத்தோடு முடிந்தது. அதனால் இரவு பத்து மணிக்குமேல், பிள்ளை தூங்கிய பிறகு செய்கிறேன். தனியாக இப்படிப் பார்த்துக்கொள்கிறவரைக் களைத்துப்போக விட்டால் என்ன ஆகும் என்று 2024-இல் எல்லாரும் பார்த்தோமே. எக்ஸ்-இசட் என்ற, கோப்புகளைச் சுருக்குகிற மென்பொருள். கெர்னல் இல்லை, ஆனால் ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கிறது. ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தவரை ஏன் தாமதம், ஏன் தாமதம் என்று நச்சரித்து, உதவி செய்கிற மாதிரி ஒருவன் உள்ளே வந்து, கடைசியில் பின்கதவு வைத்துவிட்டான். வேறு கம்ப்யூட்டரிலிருந்து லாகின் ஆக அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று ஒரு இன்ஜினியர் சந்தேகப்பட்டதால் தப்பித்தோம். அந்த மெயின்டெய்னரின் நிலைமை எனக்கு நன்றாகப் புரிகிறது. அதற்குமேல் அதைப் பற்றி எழுத முடியவில்லை.

"இதையெல்லாம் இனி ஏஐ பத்து நிமிஷத்தில் செய்துவிடும்." வாங்க, கேபிளைப் பிடுங்கிச் சொருகச் சொல்லுங்கள். எனக்கு இப்போது வருகிற பேட்ச்களில் பல அப்படி எழுதப்பட்டவைதான். கம்பைல் ஆகும், பார்க்க அழகாக இருக்கும். போன மாதம் ஒன்று வந்தது: சிப்பை ரீசெட் செய்த பிறகு 10 மில்லிசெகண்ட் காத்திருக்கிற வரி தேவையில்லை, எடுத்துவிடலாம் என்று. சிப் கம்பெனி தருகிற விவரக் குறிப்பான டேட்டாஷீட்டில் அப்படி ஒன்றும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த வரியை எடுத்துவிட்டுப் பார்த்தால் என்னிடம் இருக்கிற ஐந்து கேபிளில் இரண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்கின்றன. அந்த 10 மில்லிசெகண்டை யாரோ ஒருவர் பட்டுத் தெரிந்துகொண்டு எழுதியிருக்கிறார். "இதை எந்தச் சாதனத்தில் சோதித்தீர்கள்?" என்று கேட்டேன். பதில் இன்னும் வரவில்லை.

கெர்னல் ஆட்கள் கடுமையாகப் பேசுவார்கள் என்பதையும் சிலர் இழுத்திருந்தார்கள். பேசியிருக்கிறார்கள். 2018-இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே மன்னிப்புக் கேட்டுக் கொஞ்ச நாள் ஒதுங்கியிருந்தார், நடத்தை விதிகளும் வந்தன. அதற்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் சம்பந்தமில்லை.

இன்னொன்று. பெருக்கித் துடைப்பதை அவ்வளவு இளக்காரமாகச் சொல்ல எப்படி வாய் வந்தது? எங்கள் தெருவை ஒரு அம்மா காலை ஆறு மணிக்குப் பெருக்குகிறார். போன தீபாவளிக்கு அவர் இரண்டு நாள் வரவில்லை. பட்டாசுக் குப்பையில் தெருவே தெரியவில்லை, அபார்ட்மென்ட் வாட்ஸாப்பில் ஒரே புகார். அவர் வருகிற நாட்களில் அந்தக் குழுவில் அவரைப் பற்றி ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை.

என் அப்பா ஜோலார்பேட்டையில் ரயில்வே கீமேன். எத்தனை பேருக்கு அந்த வேலை தெரியும் என்று தெரியவில்லை. விடியும்போது சுத்தியலும் ஸ்பேனரும் சிவப்புக் கொடியும் எடுத்துக்கொண்டு கிளம்பி, தன் பகுதித் தண்டவாளம் முழுவதையும் நடந்தே பார்ப்பார். தளர்ந்த கிளிப்பை அடித்து ஏற்றுவார், போல்ட்டை முறுக்குவார். மறுநாள் அதே தண்டவாளம், அதே நடை. ஒரு மார்கழியில் விரிசல் கண்டுபிடித்து வண்டியை நிறுத்தினார். அதற்கு ஒரு பாராட்டுக் காகிதம் கொடுத்தார்கள், ஊரில் வீட்டுச் சுவரில் இன்னும் தொங்குகிறது. மீதி இருபத்தெட்டு வருடம் நடந்ததற்குக் காகிதம் இல்லை. பெங்களூருக்கு அந்தத் தண்டவாளத்தில்தான் நாம் எல்லாரும் வந்தோம், அந்த மேடையில் பேசியவரும்தான். அவருக்கு ஊர் ஆம்பூர்.

"சும்மா தமாஷுக்குச் சொன்னேன், இவ்வளவு பெரிசாக்க வேண்டாம்" என்று நேற்று எழுதியிருக்கிறார். நண்பரே, நீங்கள் என்னிடம் தமாஷ் செய்திருந்தால் பரவாயில்லை. பத்தொன்பது வயதுப் பையனிடம், அவன் சரியான கேள்வி கேட்ட நேரத்தில் செய்தீர்கள். கெர்னலில் டிரைவர்களின் பெயரும் பொறுப்பாளர் பெயரும் இருக்கிற கோப்பில், ஆள் இல்லாத டிரைவருக்கு நேராக 'அனாதை' என்ற பொருள்படத்தான் குறிப்பார்கள். 2019-இல் பிளாப்பி டிரைவருக்கு அந்தக் குறிப்பு விழுந்தது. வேலை செய்கிற பிளாப்பி கிடைப்பதே அரிதாகிவிட்டது என்றார்கள். அதற்கும் சீக்கிரமே ஒருவர் வந்து, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பொறுப்பெடுத்தார். அப்படி வரக்கூடிய ஒருவனைத்தான் நீங்கள் உட்காரவைத்தீர்கள்.

அந்தப் பையனைத் தேடிப்பிடித்துப் பேசிவிட்டேன். சிவாஜிநகரில் தங்கியிருக்கிறான். தோல்வி வந்தால் ஏற்கெனவே பிடித்த மெமரியை விடுவிக்காமலே திரும்பிவிடுகிற ஒரு இடத்தை என் டிரைவரிலேயே கண்டுபிடித்து வைத்திருக்கிறான். அது என் கண்ணிலேயே படாதது. முதல் பேட்ச் அனுப்பிவிட்டான். விளக்கம் சரியில்லை என்று திருப்பியிருக்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் இரண்டாவது வரும்.

அதைச் சோதிக்க இந்தச் சிப்பின் முதல் பதிப்பு உள்ள கேபிள் வேண்டும். நீல நிற உறை, 2010 வாக்கில் நிறைய விற்றது. எஸ்.பி. ரோட்டில் இப்போது கிடைக்கவில்லை. யாரிடமாவது பழைய பெட்டியில் கிடந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். ஒயிட்ஃபீல்டாக இருந்தாலும் எலெக்ட்ரானிக் சிட்டியாக இருந்தாலும் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.