ரீல்ஸ் தின்பது பாட்டின் நீளத்தை அல்ல

சினிமாப் பாட்டு சுருங்கிப் போச்சு என்று ஆளாளுக்குப் புலம்புகிறோம். சுருங்கியது நிஜம், ஆனால் அது குற்றமில்லை. பழைய 78 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 78 சுற்று) இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடச் சொச்சம்தான் இடம் இருந்தது. அதற்குள்ளேயே பல்லவி, சரணம், இடையிசை எல்லாம் அடங்கின. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் இங்கே தடையாகி, அடுத்த மாதமே ரீல்ஸ் வந்தது. அதற்குப் பிறகு நடப்பது வேறு சங்கதி: பாட்டின் ஒரே ஒரு துண்டு வீங்கி மற்றதை ஓரங்கட்டுகிறது.

அந்தத் துண்டின் கணக்கைப் பாருங்கள். 120 பிபிஎம் வேகத்தில், அதாவது நிமிடத்துக்கு 120 அடி வீதம், நாலு அடி கொண்ட ஒரு பார் (தாளத்தின் ஒரு சுற்று) 2 நொடி. எட்டு பார் 16 நொடி. குத்துப் பாட்டுக்கு இது கச்சிதம். 80க்கு இறங்கினால் அதே எட்டு பார் 24 நொடி ஆகிவிடும், பார்க்கிறவர் விரல் அதற்குள் அடுத்த வீடியோவுக்குப் போய்விடும். அதனால்தான் மெலடியில் நாலு பாருக்குள், அதாவது 12 நொடியில், வரியை முடிக்கச் சொல்லி நெருக்குகிறார்கள்.

வெட்டும் இடத்தில்தான் பலர் சொதப்புவது. அதீத எடுப்பில், தாளத்துக்கு முன்பே சொல் தொடங்கினால், தாளத்தில் வெட்டும்போது முதல் அசை காணாமல் போகும். முந்தைய வரியின் ரிவெர்ப் வால், அதாவது தேயும் எதிரொலி, எடுப்பின் மேல் விழுந்தால் ரீல் அழுக்காகத் தொடங்கும். ஹூக்குக்கு, அதாவது காதில் ஒட்டும் அந்தத் துண்டுக்கு, முன்னால் அரை பாராவது காலியாக விடுங்கள். கடைசி அடி முதல் அடியோடு ஒட்டினால் வீடியோ திரும்ப ஓடும்போது தையல் தெரியாது.

ஒலிகளைக் கலக்கும் மிக்ஸிங்கிலும் இதே தொல்லை. போன் ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதுவும் கேட்காது. 50 ஹெர்ட்ஸில் இடிக்கும் கிக் டிரம் ஸ்டுடியோவில் நெஞ்சை அடைக்கும், போனில் ஆளே இருக்காது. வால்யூமை ஏற்றிப் பயனில்லை. சாச்சுரேஷன், அதாவது ஒலியை லேசாகச் சிதைக்கும் வித்தை, கொடுத்தால் 200, 250 ஹெர்ட்ஸ் பக்கம் அதன் மேற்சுரங்கள் எழும். காது அடியை ஊகித்துக்கொள்ளும். இடம் வலம் இரண்டும் ஒன்றாகும் மோனோவில் ஒருமுறை கேட்டே ஆகவேண்டும். ஒரு பக்க ஒலியலையைத் தலைகீழாக்கி, அதாவது ஃபேஸைப் புரட்டி, அகலமாக்கிய கோரஸ் அங்கே கரைந்துவிடும். ‘சத்தமா இருந்தாத்தான் எடுபடும்’ என்று ஒலியின் உச்சங்களை அமுக்கும் லிமிட்டரில் நசுக்குவதும் வீண், ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் -14 லஃப்ஸ் (சத்தத்தின் அளவீடு) பக்கம் இறக்கிவிடும்.

இதெல்லாம் தொழில் நுணுக்கம், கற்றுக்கொள்ளலாம். என் ஆதங்கம் இடையிசை பற்றியது. ரீலுக்கு யாரும் இடையிசையை எடுப்பதில்லை. அதனால் முதல் கத்திரி அங்கேதான் விழுகிறது. வயலின் வரிசையும் புல்லாங்குழலும் பேசிக்கொண்ட இடத்தில் நாலு பார் சிந்த் பேட், அதாவது சிந்தசைசரில் நீட்டிப் பிடித்த சுரம். அடுத்தது இரண்டாம் சரணம். மேல்ஸ்தாயிக்கு ஏறி, பல்லவிக்கு இறங்கி வரும்போதுதான் பல்லவிக்கே எடை வரும். ஏறவே இல்லையென்றால் அதே ஹூக்கை ஐந்து முறை போட்டாலும் ஐந்தும் ஒன்றுதான். ஒலிப்பதிவுக்குக் கால்ஷீட் கணக்கில் வாசிக்கும் கலைஞர்களின் வருமானமும் இதோடு சேர்ந்து போகிறது. அதை யாரும் பேசுவதில்லை.

பணம் எங்கே போகிறது? யூடியூப் ஷார்ட்ஸில் ஒரு பாட்டைப் பயன்படுத்தினால் அந்த வீடியோவின் வருமானப் பங்கில் பாதி இசை உரிமைக்கு ஒதுக்கப்படும். இரண்டு பாட்டு என்றால் மூன்றில் இரண்டு பங்கு. ஆனால் யாரோ பாட்டை உருவி ஏற்றி அது ‘ஒரிஜினல் ஆடியோ’ என்று ஓடினால், கீழே உங்கள் பெயர் இருக்காது. வேகத்தைக் குறைத்து எதிரொலி சேர்த்த ‘ஸ்லோட் ரிவெர்ப்’ பதிப்புகளில் வேகமும் சுருதியும் மாறுவதால் தானியங்கித் தேடலும் சில நேரம் கோட்டை விடும். எனவே டீசர் வருவதற்கு முன்பே அந்தத் துண்டை விநியோகஸ்தர் வழியாக இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் முறைப்படி ஏற்றிவிடுங்கள். மெதுவான பதிப்பையும் நீங்களே விடுங்கள்.

சுயாதீனக் கலைஞர்கள் கவனிக்க: ஐஎஸ்ஆர்சி எண் (ஒவ்வொரு பதிவுக்கும் தரப்படும் சர்வதேச அடையாள எண்) ஒலிப்பதிவுக்கும் இசை வீடியோவுக்கும்தான், வரிக்கும் மெட்டுக்கும் அல்ல. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உரிய ராயல்டிக்குப் பாடலை ஐபிஆர்எஸ்ஸில் (அந்த ராயல்டியை வசூலித்துத் தரும் சங்கம்) தனியாகப் பதியவேண்டும். 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, திரையரங்குக்கு வெளியே பயன்படுவதற்கான அந்தப் பங்கைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுக்கவே சட்டம் இடம் தரவில்லை. ஒப்பந்தத்தில் ‘எல்லா உரிமையும், எல்லாக் காலத்துக்கும்’ என்று இருந்தாலும் பதிந்துவிடுங்கள். பதியும்போது யாருக்கு எத்தனை சதவீதம் என்பதை இருவரும் ஒரே மாதிரி எழுதுங்கள். கூட்டுத்தொகை நூறைத் தாண்டினால் தகராறு தீரும்வரை பணம் நின்றுவிடும்.