கணக்கு பயமா, வாத்தியார் பயமா?

கணக்கு வராத பிள்ளைகளுக்குப் பயிற்சி போதவில்லை என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை. எனக்குக் கணக்கு கசந்துபோனதே, "ஏன்?" என்று கேட்டாலே எரிந்து விழும் ஒரு வாத்தியாரால்தான். மைனஸை மைனஸால் பெருக்கினால் எப்படி சார் பிளஸ் வரும் என்று கேட்டதற்கு, "அது விதி, எழுதிக்கிட்டு உட்காரு" என்றார், அவ்வளவுதான். அடுத்த வகுப்பில் வந்த டீச்சர் ஒன்றுமே சொல்லாமல் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார்: 2 × (-3) = -6, 1 × (-3) = -3, 0 × (-3) = 0. ஒவ்வொரு வரிக்கும் விடை 3 கூடிக்கொண்டே வருது இல்லையா, அப்போ (-1) × (-3) என்ன வரணும் என்று எங்களையே கேட்டார். கடைசி பெஞ்சிலிருந்துகூட "மூணு" என்று சத்தம் வந்தது.

பின்னத்தை வகுக்கும்போது தலைகீழாக்கிப் பெருக்கு என்பதும் இதே கதைதான். 3-ஐ 1/2-ஆல் வகுப்பது என்றால் மூன்றுக்குள் எத்தனை அரை இருக்கிறது என்று கேட்பது, விடை 6, இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகுமா? (பை என்றால் சரியாக 22/7 என்றே நம்பிக்கொண்டு பள்ளியை முடித்தவர்கள் எத்தனை பேரோ! அது கிட்டத்தட்ட மதிப்புதான், இரண்டு தசம இடம் தாண்டினால் விலகிவிடும்.)

வாய்ப்பாடு மனப்பாடம் வேண்டாம் என்று சொல்லவில்லை, அது கட்டாயம் வேண்டும். பாடத்தை முடிக்கிற அவசரம் ஆசிரியர்களுக்கு இருப்பதும் தெரியும். சரி, அதற்காகக் கேள்வி கேட்கிற பிள்ளையை எதற்கு அதட்ட வேண்டும்?