தட்டானின் ஆயுள் ஒரு நாள் அல்ல, அது கொட்டவும் செய்யாது

'தட்டான் 24 மணி நேரம்தான் வாழும், வால் நுனியில் கொடுக்கு இருக்கிறது' என்று சிலர் சொல்வது இரண்டுமே தவறு.

ஒரு நாள் கணக்கு மேஃப்ளை என்னும் வேறு பூச்சிக்கு உரியது. அதற்கு வால்பக்கம் இரண்டு மூன்று நீண்ட இழைகள் இருக்கும். வளர்ந்தபின் வாய் வேலை செய்யாது, இரை எடுக்காது. தட்டானுக்கோ வலுவான தாடை உண்டு. பறக்கும் பருவமே பல வாரம் நீளும். அதற்கு முன் லார்வா என்னும் இளம்பருவமாகத் தண்ணீருக்குள், இனத்தைப் பொறுத்துச் சில வாரம் முதல் சில ஆண்டு வரை. மழைக்காலத்தில் கூட்டமாகப் பறக்கும் பாண்டலா ஃபிளாவசென்ஸ் என்னும் தட்டான் இனம் அக்டோபரில் கடல் தாண்டி மாலத்தீவுக்குப் போய்ச் சேர்வதை கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009இல் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார். ஒரு நாள் ஆயுளில் இது நடக்குமா?

குளக்கரைக் கோரைத் தண்டில் முதுகு வெடித்த பழுப்புக் கூடு ஒட்டியிருந்தால் உற்றுப் பாருங்கள். தட்டான் வெளிவந்தபின் எஞ்சிய லார்வாத் தோல் அது. வெடிப்பில் தொங்கும் வெள்ளை நூல்கள் லார்வாவின் மூச்சுக்குழல் உட்தோல்.

கொடுக்கு என்று நினைப்பது ஆணின் பற்றுறுப்பு. இணைசேரும்போது பெண்ணின் தலையைப் பிடிக்க உதவுவது. சில இனங்களில் பெண்ணுக்குக் கூரான முட்டையிடும் உறுப்பு உண்டு, செடித்தண்டைக் கீறி முட்டை வைக்க. எதிலும் விஷம் இல்லை. கையில் பிடித்தால் விரலைக் கடிக்கலாம், அவ்வளவே. 'வால்' என்பது உண்மையில் வயிறு. குடலும் இதயக் குழாயும் அதற்குள்தான் ஓடுகின்றன. தயவுசெய்து அதில் நூல் கட்ட விடாதீர்கள்.